ஊசி போட்ட மாட்டின் பால்

பால் பரிசோதிக்கிற வேலை என்றால், விடியற்காலையில் நம்மை 'மோளே' என்று மகளாகக் கூப்பிட்ட மனிதரிடம் பத்து மணிக்கு 'உங்க பால் ஆகாது' என்று சொல்கிற வேலை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் முடிந்தது என்று ஜன்னலைச் சாத்துகிறவர்கள், தாலுகா ஆபீசில் இந்தக் காகிதம் போதாது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் எல்லோரும் எங்கள் கூட்டம்தான். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து ஊரில், ஒரு பால் சொசைட்டியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். நெய்யாற்றின்கரையில் பத்து நாள் பயிற்சி கொடுத்து, ஒரு வெள்ளைக் கோட்டும் கொடுத்தார்கள். கோட்டு எனக்கு இரண்டு சைஸ் பெரிது.

உறையாத தயிர்

நான் சேர்ந்தபோது கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா, இந்த இரண்டையும்தான் பார்ப்பேன். ஒரு நாள் நகரத்துப் பால் ஆலையிலிருந்து போன் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து போன ஒரு வண்டிப் பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆகவில்லையாம். ராத்திரி முழுதும் வைத்தும் பால் பாலாகவே இருந்ததாம். எங்கள் செக்ரட்டரி தங்கையன் சார், பாலராமபுரத்தில் நெசவு சொசைட்டி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். துணிச் சாயத்தைப் பற்றி எது கேட்டாலும் சொல்வார், பாலைப் பற்றி ஒன்றும் தெரியாது. "பாலு உறையல்லைன்னா அதுக்கு நாம என்ன செய்ய?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன். பாலைத் தயிராக்குவது ஒரு நல்ல கிருமி. மாட்டுக்கு மடிவீக்கம் வந்தால் கெட்ட கிருமியைக் கொல்ல ஊசி போடுகிறார்கள். அந்த மருந்து இரண்டு மூன்று நாள் பாலில் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பாலைக் கறந்து இங்கே ஊற்றினால், நல்ல கிருமியும் சாகும். குடிக்கிற மனிதர்களில் சிலருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்கிறவர்களுக்கும், தினமும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே போனால், நாளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தயிருக்கு உயிர் உண்டுன்னு இப்பதான் எனக்குத் தெரியும். அதை நாமளாக்கும் கொன்னுட்டிருக்கது."

ஊதா

அடுத்த மாதம் ஆலையிலிருந்து ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் வந்தன. குழாயின் அடியில் ஊதா நிற ஜெல்லி. அதற்குள் ஒரு கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். மேலே சொட்டுப் பால் விட்டு, சூடாக மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். பால் சுத்தமாக இருந்தால் கிருமி விழித்துப் பெருகிப் புளிப்பாக்கி, ஊதாவை மஞ்சளாக மாற்றும். பாலில் மருந்து இருந்தால் கிருமி செத்துவிடும், ஊதா ஊதாவாகவே நிற்கும். மஞ்சள் என்றால் நல்லது, ஊதா என்றால் கெட்டது. இதை நான் மனப்பாடம் செய்வதற்குள், ஊர்க்காரர்கள் என் முகத்தைப் பார்த்தே நிறத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

தொல்லை அந்த மூன்று மணி நேரத்தில் இருந்தது. எல்லோருடைய பாலும் பெரிய கேன்களில் ஒன்றாகக் கலந்து, வண்டியில் ஏறிப் போயிருக்கும். முதல் முறை ஊதா வந்த அன்று நான் ஆலைக்குப் போன் செய்து சொன்னேன், வண்டியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். சொசைட்டிக்குப் பின்னால் வாழைத் தோட்டத்தில் கேன்களைக் கவிழ்த்தோம். சிவந்த மண்ணில் வெள்ளையாகப் பரவி, நுரைத்து, மெல்ல மெல்ல இறங்கியது. அன்று பால் ஊற்றிய எல்லோரும் வேலியோரம் நின்று பார்த்தார்கள். தனித்தனியாக எடுத்து வைத்த மாதிரிகளைச் சோதித்ததில், மருந்து எங்கள் மிஷன் சபையின் உபதேசியார் வீட்டுப் பாலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கெல்லாம் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர். "ஏன் அய்யா சொல்லாம ஊத்தினீங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

"கேட்டா சொல்லியிருப்பேன் பிள்ளே. நீ கேட்டியா?"

கம்பவுண்டரின் பை

ஊசி போடுகிறவர் மணியன் கம்பவுண்டர். மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். காட்டாக்கடை முதல் எல்லை வரைக்கும் சைக்கிளிலேயே போவார், தோளில் ஒரு தோல் பை. டாக்டர் வருவதற்கு முன்னால் அவர் வந்துவிடுவார். அதனால்தான் ஜனங்கள் அவரைக் கூப்பிட்டார்கள். நான் அவரை வழியில் மறித்து, "அண்ணே, ஊசி போட்டா மூணு நாள் பாலை சொசைட்டிக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்று கேட்டேன். சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு பதில் சொன்னார்.

"மாடு எழும்பணும்னாக்கும் என்னைக் கூப்பிடுதாவ. மூணு நாள் பாலைக் களையணும்னு நான் சொன்னா, அடுத்த தடவ மாடு விழும்போ வேற ஆளைக் கூப்பிடுவாவ."

எல்லைக்கு அந்தப் பக்கம்

பால் கவிழ்த்த அந்த நாளுக்குப் பிறகு, சந்தேகம் வந்த வீட்டுப் பாலை அவரவர் தூக்கிலேயே நிறுத்தி வைத்து, ஊதா வந்தால் திருப்பி அனுப்பினேன். அப்படித் திருப்பி அனுப்பின பால் எங்கே போகிறது என்று நான் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. கொட்டிவிடச் சொல்லி 'களைஞ்சிடுங்க' என்பேன், அவர்களும் 'களையுதோம்' என்பார்கள். ஒரு நாள் அம்மாவோடு களியக்காவிளைச் சந்தைக்குப் போனவள், ஒரு கடையில் சாயா குடிக்க உட்கார்ந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அலுமினியத் தூக்கு. மூடியில் சிவப்பு பெயின்டில் ஒரு நம்பர். சொசைட்டிக்காக என் கையால் எழுதின நம்பர். அன்று காலையில்தான் அந்த நம்பர்க்காரரின் பாலைத் திருப்பி அனுப்பியிருந்தேன். கையிலிருந்த கிளாஸில் பாதி காலி.

நான் கடைக்காரரிடம் மெதுவாக, யாருக்கும் கேட்காமல், அந்தப் பாலில் ஊசி மருந்து இருக்கிறது என்று சொன்னேன். அவர் தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அடுத்த ஆளுக்கு ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"கேரளத்துல கொள்ளாத்த பாலு தமிழ்நாட்டுல கொள்ளும் மோளே. நீ குடி."

ரோஸம்மாளின் சின்னப் பெண்

ரோஸம்மாள் கடற்கரைக்காரி. கணவர் பொழியூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறவர், வீட்டுக்கு வருவது மாதத்தில் சில நாட்கள். இவள் இரண்டு பெண் பிள்ளைகளோடும் ஒரு பசுவோடும் எங்கள் ஊரில் இருந்தாள். பசுவுக்கு ராணி என்று பெயர். குடும்பம் ஓடுவது பெரும்பாலும் ராணியால்தான். சொசைட்டிக்கு முதல் ஆளாக வருவாள், தலைமுடியை நனைத்துச் சீவி, தோய்த்த துணி உடுத்தி. ஒரு நாள் அவள் பாலில் ஊதா வந்தது. "களைஞ்சிடுங்க அக்கா" என்று வழக்கம் போலச் சொல்லி, அவள் பாலின் மாதிரி எடுத்த பாட்டிலைக் கழுவப் போய்விட்டேன்.

அவள் களையவில்லை. காய்ச்சி இளைய பெண்ணுக்குக் கொடுத்தாள். அந்தக் குழந்தைக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. உடம்பெல்லாம் தடித்து, கண் இரண்டும் வீங்கி மூடி, மூச்சு இழுக்கத் தொடங்கி, ஆட்டோவில் நெய்யாற்றின்கரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிள்ளை பிழைத்துவிட்டது. மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, கன்னம் இன்னும் உப்பியிருந்தது. ரோஸம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், சொசைட்டியில் நிற்கிற மாதிரியே.

"களையச் சொன்னியே தவிர, அது பிள்ளைக்கு ஆகாதுன்னு நீ சொல்லல்லியே மோளே."

தங்கப் பட்டை

தொண்ணூறுகளின் கடைசியில், நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஷீபா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். அவளிடம் விரல் அகலக் காகிதப் பட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒரு மரப்பெட்டியும் இருந்தது, அவளே செய்தது. உள்ளே பல்பு, வெளியே ஒரு முள். பட்டையைப் பாலில் முக்கினால் பத்து நிமிடத்தில் பதில் தெரியும் என்றாள். மூன்று மணி நேரம் காத்திருந்து அலுத்துப்போன எனக்கு அது அற்புதமாகத் தோன்றியது. ஆள் நிற்கும்போதே, பால் கேனில் விழுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடலாமே.

பட்டையில் தங்கம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாகிவிட்டால் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும் என்று ஷீபா சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தத் துகள்கள் மேல் மருந்தைப் பிடிக்கிற ஒரு பொருளை ஒட்டியிருந்தாள். பால் சுத்தமாக இருந்தால் துகள்கள் முதல் கோட்டில் தங்கிச் சிவப்பாகத் தெரியும். மருந்து இருந்தால் துகள்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் கடந்து போகும், முதல் கோடு விழாது. மேலே இரண்டாவது கோடு எப்போதும் விழும், பட்டை கெட்டுப்போகவில்லை என்பதற்கு அடையாளமாக. இரண்டு கோடு என்றால் நல்ல பால், ஒரு கோடு என்றால் ஆகாது. கோடு மங்கலாக இருந்து சந்தேகம் வந்தால் பட்டையைப் பெட்டிக்குள் வைத்து, சிவப்பு எவ்வளவு என்று முள்ளில் பார்க்க வேண்டும்.

தங்கம் என்ற சொல் ஊருக்குள் போனதும் கூட்டம் கூடிவிட்டது. சோதித்த பட்டைகளைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கிக்கொண்டு போனார்கள். நான் எத்தனை விளக்கியும், வரிசையில் நின்ற ஒரு பெண் மட்டும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்க மோளுக்குக் காதுல இட ஒரு பொட்டுத் தங்கம் இல்ல. இவளுவ பாலுல முக்கிக் களையுதாளுவ."

இரண்டு கோடு

இதற்கிடையில் கமிட்டி ஒரு விதி போட்டிருந்தது. இரண்டு தடவை மருந்துப் பால் கொண்டுவந்தால் கார்டைத் திரும்ப வாங்கிவிடுவார்கள், பிறகு சொசைட்டியில் ஊற்ற முடியாது. ரோஸம்மாளுக்கு ஒரு தடவை ஆகிவிட்டது. குழந்தைக்கு வந்ததை நேரில் பார்த்ததால், நானும் அவளிடம் கண்டிப்பாகவே சொல்லியிருந்தேன். "அக்கா, இனி ஒரு தடவ ஊசிப் பால் வந்தா கார்டு போயிரும். நான் பாத்துக்கிட்டிருப்பேன்." பட்டை வந்த பிறகு பார்ப்பது எனக்குச் சுலபமாகிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் ரோஸம்மாள் கொண்டுவரும் பால் குறைந்தது. "புல்லு இல்ல மோளே" என்றாள். அவள் விரல்களில் மஞ்சள் கறை இருந்தது. சமையல் மஞ்சள் என்று நினைத்தேன். தொடர்ந்து நாலு நாள் அவள் பாலில் பட்டையை முக்கினேன், நாலு நாளும் இரண்டு கோடு, நல்ல ரத்தச் சிவப்பில். நான்காம் நாள் பட்டையை அவளிடமே தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா அக்கா, உங்க பாலுதான் இன்னைக்கு எல்லாத்துலயும் சுத்தம்" என்று சொன்னேன். அவள் சிரித்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை.

ஆறாம் நாள் தங்கையன் சாரும் நானும் போனோம். தொழுவத்தில் ராணி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, வயிறு உப்பி. மடியின் ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்தது. அதன் மேலெல்லாம் பூசிய அரைத்த மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. மடிவீக்கம் வந்து பத்து நாள் ஆகியிருக்கிறது. வீங்கின காம்பை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கறந்து கொண்டுவந்திருக்கிறாள். எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்த மணியன் கம்பவுண்டர் பையைத் திறக்காமலேயே நின்றார். "முந்தா நாளு கூப்பிட்டிருந்தாக்கூட நான் எழுப்பியிருப்பேன்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். பெண் பிள்ளைகள் இரண்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தன. "ஏன்க்கா ஊசி போடல்ல?" என்று கேட்டுவிட்டேன். ரோஸம்மாள் பசுவின் காதிலிருந்த ஈயை விரட்டினாள், செத்த மாட்டுக்கு.

"ஊசி குத்தினா உனக்க பட்டை பிடிக்குமில்லியா. ரெண்டு வரி வந்துதில்லா மோளே, நீதானே காணிச்சது."

கமிட்டி

அதற்குப் பிறகு அம்மா வேலையை விட்டுவிடு என்றாள். நான் விடவில்லை, தைரியத்தினால் அல்ல. விட்டால் வீட்டில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். கமிட்டி கூடின அன்று நானாகப் போய் நின்றேன். ஏழு ஆண்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊசி போட்டேன் என்று முன்கூட்டியே சொல்கிறவர்கள் மூன்று நாள் பால் கொண்டுவர வேண்டாம், நான்காம் நாள் நான் சோதித்து எடுத்துக்கொள்கிறேன், அதை யார் கார்டிலும் குற்றமாக எழுதக் கூடாது, கார்டைத் திரும்ப வாங்குகிற விதியையும் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன். "அப்ப எல்லாவனும் ஊசின்னு சொல்லிட்டு பாலைக் களியக்காவிளைக்குக் கொண்டு போவான்" என்றார் ஒருவர். அது பொய்யும் இல்லை.

தங்கையன் சார்தான் எழுந்தார். "போட்டும். ஒரு மாடு சாவதை விட அது கொள்ளாம்" என்றார். விதி மாறியது. மறுநாளே நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். ஒரு வாரம் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை, பயம் அத்தனை சீக்கிரம் போகாது. முதலில் வந்தது மாட்டுக்காரர் யாரும் இல்லை, மணியன் கம்பவுண்டர். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, உள்ளே வந்து, இரண்டு வீட்டு நம்பரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"இனி எங்க குத்தினாலும் நானே வந்து சொல்லிட்டுப் போறேன் பிள்ளே. அந்த மாடு கெடந்த கெடப்பு எனக்க கண்ணை விட்டுப் போகல்ல."

நெய்யாற்றின்கரை பஸ்

ஷீபா படிப்பு முடித்து வெளிநாடு போய்விட்டாள். பட்டைகள் தீர்ந்தன. மறுபடி கண்ணாடிக் குழாய்க்கும் மூன்று மணி நேரத்துக்கும் திரும்பினோம். ஆனால் ஊதா வருவது குறைந்திருந்தது, அதற்குக் காரணம் கம்பவுண்டரின் சைக்கிள். ரோஸம்மாள் இன்னொரு மாடு வாங்கவில்லை. சொசைட்டியிலிருந்து கன்றுக்குட்டி ஒன்று கொடுக்கலாம் என்று சார் ஆள் அனுப்பினார், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கப் போகத் தொடங்கினாள். முந்திரி ஓட்டிலிருந்து கசிகிற பாலால் விரல் நுனிகள் வெந்து தோல் உரியும், மஞ்சள் கறை போய்க் கறுப்புக் கறை வரும்.

ஒரு சாயங்காலம் நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறினேன். பெண்கள் பக்கத்தில் ஒரே ஓர் இடம்தான் காலி, ஜன்னலோரம் ரோஸம்மாள். நான் தயங்கி நின்றேன். அவளே பார்த்துவிட்டாள். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டேன். மூத்தவள் பத்தாம் கிளாஸ் ஜெயித்துவிட்டாள் என்றாள், சின்னவளுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த மருந்து வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் என்றாள். குரலில் கோபமே இல்லை. நான் உட்காரக் குனிந்தபோது, மடியிலிருந்த பையை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைத்தாள்.

"நீ நல்ல பிள்ளையாக்கும் லில்லி, எனக்குத் தெரியும். ஆனா எனக்க பக்கத்துல இரிக்காத."

வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும், போகிற வீட்டிலெல்லாம் பால் விட்ட சாயா நீட்டுகிறார்கள், எனக்குப் பால் விடாத கட்டன் போதும் என்கிறேன், வாயுத் தொல்லையா என்று அக்கறையாகக் கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.